வடிவான கோடும் சரியான அளவும்: தரவைச் சீராக்கி உச்சிகளை அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வறிக்கைக் காலம் வந்தால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் யாராவது ஒரு மாணவர் மடிக்கணினியோடு வந்து உட்காருவார். அண்மையில் வந்த தங்கச்சி ஒருத்தி திரையை என் பக்கம் திருப்பி, "அண்ணா, இப்ப கோடு நல்ல வடிவா வந்திட்டுது, பாருங்கோ" என்றாள். எக்ஸ்-கதிர் கோணல் (டிப்ராக்சன்) வரைபு, அதாவது எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் வந்தது என்ற படம். முள் முள்ளாக இருந்திருக்க வேண்டிய கோடு வழவழவென்று ஏறி இறங்கியது. "எத்தனை புள்ளி வைச்சனீர்?" என்று கேட்டேன். நினைவில்லை. மூலக் கோப்பைக் கேட்டேன். அதன் மேலேயே சேமித்துவிட்டாள்.

வடிவு என்றால் எங்களுக்கு அழகு. "வடிவாப் பார்" என்றால் கவனமாகப் பார். அந்தக் கோட்டில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அன்று அவளுக்குச் சொன்னதையெல்லாம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். சுருக்கம் இதுதான்: சீராக்கிய கோட்டை (அயல் புள்ளிகளைச் சேர்த்து இரைச்சலைக் குறைத்த கோட்டை) உச்சி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள். உச்சியின் உயரம், அகலம், பரப்பு மூன்றையும் மூலத் தரவிலிருந்து எடுங்கள்.

எந்த மென்பொருள்?

நான் காட்டுவது லாப்பிளொட் (LabPlot). கேடிஈ குழுவினர் உருவாக்கும் இலவச மென்பொருள். வின்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். பல ஆய்வுகூடங்களில் ஒரிஜின் (Origin) இருக்கும். அது காசு கொடுத்து வாங்குவது. செய்யும் வேலை ஒன்றே என்றபடியால், வேறுபடும் இடங்களில் மட்டும் ஒரிஜினைத் தனியாகச் சொல்கிறேன். எக்செலில் நகரும் சராசரி எடுக்கலாம், ஆனால் உச்சி பொருத்துவது பெரும் சிரமம். அதற்கு மினக்கெட வேண்டாம்.

முதல் வேலை: மூலக் கோப்பு

இயந்திரம் தந்த கோப்பை அப்படியே ஒரு தனிக் கோப்புறையில் போட்டு, வாசிக்க மட்டும் என்று பூட்டி, இன்னொரு பிரதியைப் பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ வையுங்கள். வேலை எல்லாம் பிரதியில்தான். லாப்பிளொட்டில் சீராக்கும்போது பழைய வளைகோடு மாறாது, புதிதாக ஒன்று உருவாகும். இது பெரிய பாதுகாப்பு. ஒரிஜினிலும் வெளியீட்டைப் புதிய நிரலுக்கு அனுப்பும்படி தெரிவுசெய்யலாம்.

'பைல்' மெனுவில் 'இம்போர்ட்' போய்க் கோப்பைக் காட்டுங்கள். தலைப்பில் இயந்திரத்தின் பெயர், திகதி என்று பல வரிகள் இருக்கும். எண்கள் எத்தனையாவது வரியில் தொடங்குகின்றன என்று முதலில் நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டு அந்த வரி எண்ணைக் கொடுங்கள். நிரல்களைப் பிரிப்பது காற்புள்ளியா, டாப்பா, வெற்றிடமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு எண் நிரலின் முதல் வரியையும் கடைசி வரியையும் மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் கடைசிப் பத்துப் பாகையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: சீராக்குமுன் எண்ணுங்கள்

முதல் வரைபைக் கோடாக வரையாதீர்கள், புள்ளிகளாக வரையுங்கள். கோடு கண்ணை ஏமாற்றும். புள்ளி வரைபில் ஓர் உச்சியைப் பெரிதாக்கி, அதன் பாதி உயரத்துக்கு மேலே எத்தனை புள்ளிகள் நிற்கின்றன என்று விரல் வைத்து எண்ணுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இந்த எண்ணிலிருந்துதான் வரும். அது ஐந்துக்குக் குறைவு என்றால் சீராக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்னும் சிறிய படிகளில் திரும்ப அளக்க வேண்டும்.

அடுத்து, உச்சியே இல்லாத தட்டையான பகுதியில் நூறு புள்ளிகள் அளவு தெரிவுசெய்து அவற்றின் நியம விலகலைப் பாருங்கள். அதுதான் உங்கள் இரைச்சல். உச்சியின் உயரத்தை அதனால் வகுத்தால் வருவது, அந்த உச்சியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான முதல் கணக்கு. மூன்றுக்குக் கீழே இருப்பதை உச்சி என்று எழுத வேண்டாம்.

எக்ஸ்-கதிர் கோணலில் இன்னொரு வசதி உண்டு. அங்கே எண்ணப்படுவது துணிக்கைகள் என்றபடியால், இரைச்சல் என்பது எண்ணிக்கையின் வர்க்கமூலம். 400 எண்ணிக்கை என்றால் இரைச்சல் 20, அதாவது 5 சதவீதம். நான்கு மடங்கு நேரம் எடுத்து அளந்தால் 1600 எண்ணிக்கை, இரைச்சல் 40, அதாவது 2.5 சதவீதம். இதைவிட நேர்மையான சீராக்கம் வேறில்லை. இடையில் கரண்ட் போய்விடும் என்ற பயம் இருந்தால், ஒரே நீண்ட ஓட்டத்துக்குப் பதில் ஒரே அமைப்பில் நான்கு குறுகிய ஓட்டங்கள் எடுத்துக் கூட்டுங்கள். ஒன்று பாதியில் நின்றாலும் மூன்று கையில் இருக்கும்.

மூன்றாவது: ஒற்றைப் புள்ளிப் பாய்ச்சல்கள்

மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதோ, இராமன் நிறமாலையில் அண்டக்கதிர் விழும்போதோ ஒரேயொரு புள்ளி மட்டும் வானத்துக்குப் பாய்ந்து நிற்கும். இதை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் அந்தப் பாய்ச்சல் அகலமாகி, உண்மையான உச்சி போலவே தோன்றும். இதற்குச் சராசரி உதவாது, இடையம்தான் உதவும். சீராக்கல் முறைகளில் 'பெர்சன்டைல்' என்பதைத் தெரிந்து, 50 சதவீதம், 3 அல்லது 5 புள்ளி என்று வையுங்கள். ஓரிரு பாய்ச்சல்கள்தான் என்றால் அந்தப் புள்ளியைக் கையால் நீக்கி, நீக்கினேன் என்று குறித்துவைப்பது இன்னும் நல்லது.

நான்காவது: சீராக்குதல்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். அடுத்தடுத்த ஐந்து புள்ளிகளில் ஒரு கூரிய உச்சி இருக்கிறது என்று வையுங்கள்: 14, 61, 100, 61, 14. இரைச்சலே இல்லை, உயரம் 100.

ஐந்து புள்ளி நகரும் சராசரியில் நடுப்புள்ளியின் புதிய மதிப்பு: கூட்டுத்தொகை 250, ஐந்தால் வகுத்தால் 50. உச்சியின் பாதி போய்விட்டது.

இப்போது சவிட்ஸ்கி–கோலே முறை. அதே ஐந்து புள்ளிகளை முறையே −3, 12, 17, 12, −3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி 35 ஆல் வகுக்க வேண்டும். −42, 732, 1700, 732, −42. கூட்டினால் 3080. வகுத்தால் 88.

ஒரு பேனையும் கடதாசியும் எடுத்து நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள். −3, 12, 17 என்பவை எங்கிருந்து வந்தன? ஒவ்வொரு ஐந்து புள்ளிக் கூட்டத்துக்கும் ஒரு பரவளைவைப் பொருத்தி, அதன் நடு மதிப்பை எடுத்தால் வரும் குணகங்கள் அவை. நகரும் சராசரி அந்தக் கூட்டத்துக்கு ஒரு தட்டைக் கோட்டைப் பொருத்துகிறது, அதனால் உச்சியின் தலை வெட்டுப்படுகிறது. பரவளைவு வளையத் தெரிந்தது என்றபடியால் தலையைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. பேர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் வேலைசெய்த ஆபிரகாம் சவிட்ஸ்கியும் மார்செல் கோலேயும் 1964 இல் அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி இதழில் இந்தக் குணக அட்டவணைகளை வெளியிட்டார்கள். அட்டவணைகளில் இருந்த சில பிழைகளை 1972 இல் ஸ்டெய்னியே, தெர்மோனியா, டெல்தூர் ஆகியோர் திருத்தினார்கள். இன்று மென்பொருள் தானாகவே கணக்கிட்டுவிடும்.

லாப்பிளொட்டில் வளைகோட்டின் மேல் வலது சொடுக்கு, 'அனாலிசிஸ்', 'ஸ்மூத்'. முறை: 'சவிட்ஸ்கி-கோலே'. புள்ளிகள்: ஒற்றை எண். பல்லுறுப்பியின் படி: 2, அதாவது பரவளைவு. பிறகு 'ரீகல்குலேட்'. ஒரிஜினில் 'அனாலிசிஸ்', 'சிக்னல் ப்ரொசெசிங்', 'ஸ்மூத்'.

புள்ளிகள் எத்தனை? இரண்டாவது படியில் விரல் வைத்து எண்ணினீர்களே, அந்த எண்ணைத் தாண்டாதீர்கள். அதில் பாதியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஒரே வரைபில் அகலமான உச்சியும் ஒடுங்கிய உச்சியும் இருந்தால், ஒடுங்கியதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

சீராக்கம் கூடிவிட்டதா என்று கண்டுபிடிக்க உறுதியான வழி ஒன்று இருக்கிறது. மூலத் தரவிலிருந்து சீராக்கியதைக் கழித்து, அந்த மிச்சத்தைத் தனியாக வரையுங்கள். மிச்சம் உருவமில்லாத இரைச்சலாக இருந்தால் சரி. உச்சி இருந்த இடத்தில் நடுவில் மேடும் இரு பக்கமும் பள்ளமும் தெரிந்தால், உங்கள் உச்சியில் ஒரு பகுதி மிச்சத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். புள்ளிகளைக் குறையுங்கள். யார் என்ன விதி சொன்னாலும் இந்தப் படத்தைத்தான் நான் நம்புவேன்.

இன்னும் இரண்டு விசயம். சீராக்கியதை மறுபடியும் சீராக்காதீர்கள். வரைபின் இரு அந்தங்களிலும் சாளரத்தின் (ஒரே தடவையில் எடுக்கும் புள்ளிக் கூட்டத்தின்) பாதியளவு புள்ளிகளுக்கு ஒரு பக்கம் அயல் இல்லை. மென்பொருள் அங்கே ஏதாவது இட்டு நிரப்பும். அந்த இடத்தில் உச்சி தெரிந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஐந்தாவது: அடிக்கோடு

உச்சியின் உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்று தெரியாமல் உயரத்தைச் சொல்வதில் பயனில்லை. உச்சி சிறிது என்றால், அதன் இரு பக்கமும் தட்டையான துண்டுகள் தெரிந்தால், அவற்றை இணைக்கும் ஒரு நேர்கோடு போதும். கண்ணாடித் தகட்டில் பூசிய மாதிரி என்றால் கண்ணாடியே ஓர் அகலமான மேட்டைத் தரும், அங்கே வளைந்த அடிக்கோடு வேண்டும். ஒரிஜினில் 'பீக்ஸ் அண்ட் பேஸ்லைன்' மெனுவின் 'பீக் அனலைசர்' இதைப் படிப்படியாகச் செய்விக்கும். அடிக்கோட்டின் புள்ளிகளைக் கண்ணால் பார்த்து நகர்த்துங்கள், தானாக வந்ததை அப்படியே ஏற்காதீர்கள்.

அடிக்கோட்டைக் கழித்துவிட்டுப் பொருத்துவதைவிட, உச்சியையும் அடிக்கோட்டையும் ஒன்றாகப் பொருத்துவது எனக்குப் பிடித்த வழி. லாப்பிளொட்டின் 'பிட்' பகுதியில் 'கஸ்டம்' என்பதைத் தெரிந்து, காசியன் (மணி வடிவ உச்சி) சமன்பாட்டின் முடிவில் ஒரு மாறிலியையும் ஒரு சாய்வு உறுப்பையும் சேர்த்து எழுதினால் போதும். அடிக்கோட்டின் நிச்சயமின்மையும் உச்சியின் வழுவுக்குள் வந்துவிடும்.

ஆறாவது: அளத்தல்

இரைச்சலுள்ள உச்சியில் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து அதுதான் உயரம் என்று எழுதுவது வழமையான பிழை. மிக உயர்ந்த புள்ளி பெரும்பாலும் இரைச்சல் மேல்நோக்கித் தள்ளிய புள்ளியாகவே இருக்கும். அதனால் உயரம் வழமையாகக் கொஞ்சம் கூடித்தான் வரும். ஒரு சார்பைப் பொருத்தினால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து உயரத்தைத் தீர்மானிக்கும்.

வளைகோட்டில் வலது சொடுக்கு, 'அனாலிசிஸ்', 'பிட்'. மூலமாக மூலத் தரவைக் கொடுங்கள், சீராக்கிய வளைகோட்டை அல்ல. சீராக்கியதில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றின் இரைச்சலை ஒன்று பகிர்ந்துகொள்கின்றன. மென்பொருள் அவற்றைத் தனித்தனி அளவீடு என்று நினைத்து, வழுவை மிகச் சிறிதாகக் காட்டும். பார்க்கச் சந்தோசமாக இருக்கும், உண்மை இல்லை.

வகை 'பீக்', மாதிரி காசியன் அல்லது வால் நீண்ட கோஷி-லொரென்சியன். தொடக்க மதிப்புகளை உங்கள் சீராக்கிய வளைகோட்டிலிருந்து கண்ணால் வாசித்துக் கொடுங்கள்: மையம், உயரம், அகலம். சீராக்கத்தின் உண்மையான பயன் இதுதான்.

வெளிவரும் எண்களில் பலர் வழுக்கி விழும் இடம் அகலம். உங்களுக்கு வேண்டியது அரை உயர அகலம், அதாவது பாதி உயரத்தில் உச்சியின் முழு அகலம். மென்பொருள் தருவது வேறாக இருக்கலாம். லாப்பிளொட்டின் காசியன் சிக்மாவை (நியம விலகலை) தருகிறது. அதை 2.355 ஆல் பெருக்கினால்தான் அரை உயர அகலம். ஒரிஜினில் 'காஸ்' சார்பின் அகலம் இரண்டு சிக்மா, அதை 1.177 ஆல் பெருக்க வேண்டும். அதே ஒரிஜினில் 'காஸ் ஆம்ப்' சார்பின் அகலம் ஒரு சிக்மா. 'லொரென்ஸ்' சார்பின் அகலமோ நேரடியாக அரை உயர அகலமே. ஒரே மென்பொருளில் மூன்று சார்பில் மூன்று பொருள்! உதவிப் பக்கத்தைத் திறந்து சமன்பாட்டை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பரப்பைச் சரிபார்க்கச் சுலபமான கணக்கு: காசியனுக்கு, உயரம் பெருக்கல் அரை உயர அகலம் பெருக்கல் 1.064. லொரென்சியனுக்கு 1.571. மென்பொருள் தந்த பரப்பு இதோடு ஒத்துவராவிட்டால் எங்கோ அகலத்தைப் பிழையாக எடுத்திருக்கிறீர்கள்.

நேரடியாகத் தொகையிட்டுப் பரப்பு எடுப்பவர்கள் எல்லைகளைக் கவனியுங்கள். மையத்திலிருந்து இரு பக்கமும் ஓர் அரை உயர அகலம் தூரம் போனால் காசியனின் பரப்பில் 98 சதவீதம் உள்ளே வந்துவிடும். லொரென்சியனில் 70 சதவீதம்தான் வரும். ஐந்து மடங்கு தூரம் போனாலும் 94 சதவீதம்தான். அதன் வால் அவ்வளவு நீளம்.

ஒன்றோடொன்று ஒட்டிய உச்சிகளுக்கு உச்சிகளின் எண்ணிக்கையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது உச்சியைச் சேர்த்தால் பொருத்தம் எப்போதும் கொஞ்சம் நல்லாகும், அதனால் அது மட்டும் காரணமாகாது. மிச்சத்தில் உருவம் தெரிகிறதா, அங்கே ஓர் உச்சி இருக்க இரசாயன நியாயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓர் உண்மையான கணக்கு

தங்கச்சியின் மாதிரி சூரியக்கலத்துக்கான தைத்தேனியம் ஈரொட்சைட்டு, அனட்டேஸ் வடிவம். செப்பின் கே-அல்பா கதிரில் அதன் முதன்மை உச்சி இரண்டு-தீற்றா (வரைபின் கிடை அச்சில் உள்ள கோணம், தீற்றாவின் இரு மடங்கு) 25.3 பாகையில் நிற்கும். அலைநீளம் 0.15406 நானோமீற்றர். அளவிடும் படி 0.02 பாகை என்றும் அரை உயர அகலம் 0.40 பாகை என்றும் வைப்போம். பாதி உயரத்திலும் அதற்கு மேலும் 21 புள்ளிகள்.

பளிங்கின் பருமனுக்கு ஷெரர் சமன்பாடு: 0.9 ஐ அலைநீளத்தால் பெருக்கி, ஆரையனில் உள்ள அகலத்தாலும் தீற்றாவின் கோசைனாலும் வகுக்க வேண்டும். 0.40 பாகை என்பது 0.00698 ஆரையன். 12.65 பாகையின் கோசைன் 0.9757. விடை 20.4 நானோமீற்றர்.

இதே உச்சியை 21 புள்ளி நகரும் சராசரியில் விட்டால் உயரம் 79 சதவீதமாகக் குறைந்து, அகலம் 0.51 பாகையாகப் பெருகும். ஷெரரில் போட்டால் 16.0 நானோமீற்றர். பளிங்கு மாறவில்லை, மாதிரி மாறவில்லை. ஒரு சொடுக்கில் நான்கு நானோமீற்றருக்கு மேல் காணாமல் போய்விட்டது. 21 புள்ளி சவிட்ஸ்கி–கோலே என்றால் உயரம் ஏறத்தாழ 2 சதவீதம்தான் குறையும், இரைச்சலும் மூன்றிலொன்றாக இறங்கும். நகரும் சராசரி இரைச்சலை ஐந்திலொன்று அளவுக்கு இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை மேலே இருக்கிறது.

என் சொந்த இறுதியாண்டு அறிக்கையிலும் இதே பிழை இருந்தது. மேற்பார்வையாளர் மூலக் கோப்பைக் கேட்ட அன்று, இரவிரவாக இருந்து எல்லா அட்டவணைகளையும் திரும்பக் கணக்கிட்டேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அகலத்திலிருந்து இயந்திரத்தின் சொந்த அகலத்தைக் கழிப்பதையும் மறக்க வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரும் இப்படித்தான்

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம், தோட்டத்துப் பசளையும் அதற்குள்தான் இறங்குகிறது. ஆகவே அயன்களைப் பிரித்து அளக்கும் அயன் நிறப்பகுப்பில் நைத்திரேற்று (NO₃⁻) உச்சியை அளக்கும் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். அங்கே அளவு என்பது பரப்பு. சீராக்கம் பரப்பைப் பெரிதாகக் கெடுக்காது, குணகங்களின் கூட்டுத்தொகை ஒன்று என்றபடியால். உயரத்தைத்தான் கெடுக்கும். ஆகவே நியமக் கரைசல்களுக்கும் மாதிரிக்கும் ஒரே முறையைப் பாவித்துப் பரப்பை எடுங்கள்.

கடற்கரைப் பக்கக் கிணறுகளில் குளோரைட்டு உச்சி மலை போல எழும்பி, அதன் வால் பின்னால் வரும் சின்ன நைத்திரைற்று (NO₂⁻) உச்சியின் மேல் படுத்திருக்கும். அந்த இடத்தில் நேர்கோட்டு அடிக்கோடு போட்டால் நைத்திரைற்று பிழையாக வரும். வாலையே வளைந்த அடிக்கோடாக எடுங்கள், அல்லது மாதிரியை ஐதாக்கித் திரும்ப ஓட்டுங்கள். விடையை எழுதும்போது நைத்திரேற்றாகவா, நைத்திரேற்று-நைதரசனாகவா என்று சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நைதரசனாகச் சொன்னால் அதுவே ஏறத்தாழ 11.3. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் ஒரு குடும்பத்துக்குக் கூடாத தண்ணீரை நல்லது என்று சொல்லிவிடுவீர்கள்.

அறிக்கையில் எழுதவேண்டியது

படத்தில் மூலத் தரவைச் சாம்பல் புள்ளிகளாகவும் அதன் மேல் சீராக்கிய அல்லது பொருத்திய கோட்டையும் சேர்த்துப் போடுங்கள். செய்முறைப் பகுதியில் இந்த மாதிரி ஒரு பந்தி போதும்:

"உச்சிகளை அடையாளம் காண்பதற்கு மட்டும் 11 புள்ளி, இரண்டாம் படி சவிட்ஸ்கி–கோலே முறை பயன்படுத்தப்பட்டது. உச்சியின் மையமும் அரை உயர அகலமும், சீராக்கப்படாத தரவுக்கு நேர்கோட்டு அடிக்கோட்டுடன் காசியன் சார்பைப் பொருத்திப் பெறப்பட்டன. வழுக்கள் பொருத்தத்தின் நியம வழுக்கள்."

தங்கச்சியின் கோப்பு கடைசியில் கிடைத்துவிட்டது. எக்ஸ்-கதிர் இயந்திரத்தோடு இணைந்த கணினியில் அவள் பெயரிலான கோப்புறையில் அப்படியே இருந்தது. மாதிரியை அளந்துவிட்டு வரும்போது நீங்களும் அங்கே உள்ள கோப்பை அழிக்காமல் வாருங்கள்.